கூண்டேறிய கணினி: டிஜிட்டல் தடயவியல் பிறந்த கதை

2015 ஜூன் 23 அன்று ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், உடன் படித்த தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலுக்குப் போனார். வீடு திரும்பவில்லை. மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் அவருடைய உடல் கிடைத்தது. பட்டியல் சமூகத்துப் பையன், உடன் வந்தவர் வேறு சமூகத்துப் பெண். தண்டவாளத்தில் கிடக்கும் உடலைத் தற்கொலைக் கணக்கில் எழுதி மூடிவிடுவது எவ்வளவு எளிது என்று நம் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் தெரியும். அப்படி மூடப்படாமல் போனதற்கு அவருடைய தாய் சித்ராவின் விடாப்பிடி ஒரு காரணம். கோயிலில் மாட்டியிருந்த கண்காணிப்புக் கேமராக்கள் இன்னொரு காரணம்.

நாமக்கல்லில் தொடங்கிய விசாரணை, சித்ராவின் மனுவை ஏற்று 2019-இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். உடன் சென்ற தோழியே, கேமராப் பதிவில் இருப்பது தான் இல்லை என்று சொல்லிவிட்டார். மனித வாய்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்ட வழக்கில், இயந்திரம் பதிந்துவைத்தது மட்டும் மாறாமல் நின்றது. 2022 மார்ச்சில் சாதி அமைப்பொன்றின் தலைவரான யுவராஜ் உட்பட பத்துப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. யுவராஜுக்கு மூன்று ஆயுள் தண்டனை. 2023 ஜூன் 2 அன்று உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷ், என். ஆனந்த் வெங்கடேஷ் அமர்வு, இருவருடைய தண்டனையை மட்டும் குறைத்து, மற்றதை உறுதி செய்தது.

இந்த வழக்கைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் சாதியைப் பற்றி. எழுதத்தான் வேண்டும். இங்கே அதன் இன்னொரு பக்கத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கேமராப் பதிவை நீதிமன்றம் எதை வைத்து நம்புகிறது? யாரும் வெட்டி ஒட்டவில்லை, தேதியை மாற்றவில்லை என்பதற்கு யார் பொறுப்பு? சேலத்திலும் நாமக்கல்லிலும் கணினி அறிவியல் முடித்துவிட்டு, முதுகலைக்குச் சைபர் தடயவியல் எடுக்கலாமா என்று இன்று பல மாணவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் படிக்கப்போகும் துறை இந்தக் கேள்வியில் இருந்துதான் பிறந்தது. கணினி அதற்குப் பொருளாக வாய்த்தது, பிரசவம் நடந்த இடம் நீதிமன்றம்.

தடயவியலுக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவு பழையது. இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் மதராஸில்தான் தொடங்கியது. நஞ்சூட்டிக் கொன்றதாகச் சந்தேகம் வந்தால் இரைப்பையையும் குடலையும் அங்கே அனுப்புவார்கள். அந்த வேலைக்கு வேண்டிய ஒழுக்கம் மூன்று வகை: பொருளை முத்திரையிட்டு அனுப்புவது, யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது என்று எழுதிவைப்பது, நீதிமன்றம் அழைத்தால் சோதித்தவரே கூண்டில் ஏறிப் பதில் சொல்வது. ஹார்டு டிஸ்க்கைச் சோதிக்கிறவருக்கும் இந்த மூன்றும் அப்படியே பொருந்தும். 1849-க்கும் இன்றைக்கும் நடுவே மாறியது சோதிக்கப்படும் பொருள்தான்.

ஆனால் அந்த மாற்றம் சட்டத்தைத் திணற வைத்தது. 1872-இன் இந்தியச் சாட்சியச் சட்டம் காகிதத்தின் உலகத்தில் எழுதப்பட்டது. மூல ஆவணம் ஒன்று, அதன் நகல் வேறு. மூலம் இருக்கும்போது நகலை ஏற்கக் கூடாது. பத்திரப்பதிவு அலுவலகத்துக்கும் கிராமக் கணக்குக்கும் இது சரியாகப் பொருந்தியது. கணினிக் கோப்பில் நகலுக்கும் மூலத்துக்கும் வித்தியாசமே கிடையாது. நகல் எடுத்தால் ஒரு துளி குறையாது. திருத்தினால் சுரண்டிய தழும்பு தெரியாது. அப்படியானால் மூலம் எது?

உலகத்தில் இந்தக் கேள்விக்கு முதலில் விடை தேடியவர்கள் பலதரப்பட்டவர்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நாய்ப் பந்தயத்தில் கணினி வைத்து வெற்றிச் சீட்டுகளை மோசடியாக அச்சடித்தார்கள். அதன் விளைவாக 1978-இல் கணினிக் குற்றத்துக்கென்றே தனிச் சட்டம் அங்கே வந்தது. 1984-இல் எஃப்.பி.ஐ. கணினித் தடயங்களுக்காக ஒரு பிரிவைத் தொடங்கியது. 1986-இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வானியலாளர் கிளிஃப் ஸ்டோல், கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் உதைப்பதைக் கவனித்தார். அந்தச் சில்லறைக் கணக்கைப் பிடித்துக்கொண்டு போய், ராணுவ ரகசியங்களைத் திருடி சோவியத் உளவுத்துறைக்கு விற்ற ஜெர்மனிக்காரரைக் கண்டுபிடித்தார். ஸ்டோலிடம் இன்றைய மென்பொருள் எதுவும் கிடையாது. உள்ளே வரும் தொலைபேசி இணைப்புகளில் அச்சு இயந்திரங்களைக் கோத்துவிட்டு, திருடன் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும் அவனுக்குத் தெரியாமல் காகிதத்தில் இறக்கினார். நாள், நேரம் போட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தார். துறைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே அதன் இரண்டு விதிகளும் அந்த அறையில் இருந்தன: தடயத்தைத் தொடாதே, செய்வதையெல்லாம் எழுதிவை.

பெயரும் இலக்கணமும் வந்தது 2001 ஆகஸ்டில். நியூயார்க் மாநிலத்து யூட்டிகாவில் ஆய்வாளர்கள் கூடிய பட்டறை ஒன்றில்தான் டிஜிட்டல் தடயவியல் என்பது என்ன என்று வரையறுத்தார்கள். பல்கலைக்கழகப் பாடமாக அது வளர்ந்தது அதற்குப் பிறகு. ஆக, இந்தத் துறைக்கு வயது மிகக் குறைவு. நம் கல்லூரிகளில் இதைப் படிக்க வரும் பிள்ளைகளுக்கும் இதற்கும் ஏறக்குறைய ஒரே வயது.

இந்தியாவில் கதவு திறந்தது 2000 அக்டோபர் 17 அன்று. தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது. அதோடு சேர்த்துச் சாட்சியச் சட்டத்திலும் 65ஏ, 65பி என்று இரண்டு பிரிவுகளைச் செருகினார்கள். கணினியில் இருந்து எடுத்த அச்சுப்பிரதியோ குறுந்தகடோ ஆவணமாக ஏற்கப்பட வேண்டுமானால், அந்தக் கணினி வழக்கமாகப் பயன்பட்டது, ஒழுங்காக இயங்கியது, இந்தத் தகவல் அதில் இருந்துதான் எடுக்கப்பட்டது என்று பொறுப்பான ஒருவர் கையெழுத்திட்டுச் சான்றிதழ் தர வேண்டும் என்றது 65பி. நீதிமன்ற வளாகங்களில் இன்றைக்கும் "அறுபத்தஞ்சு பி இருக்கா?" என்று கேட்கிறார்கள் அல்லவா, அது இதுதான்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் இந்தியாவில் முதல் தண்டனை வாங்கித் தந்த வழக்கு என்று பேசப்படுவது சென்னையில் நடந்தது. 2004 பிப்ரவரியில் ஒரு பெண் சைபர் கிரைம் போலீஸிடம் புகார் கொடுத்தார். யாஹூ குழு ஒன்றில் யாரோ அவர் பெயரில் ஆபாசமாக எழுதி, தொலைபேசி எண்ணையும் போட்டிருந்தார்கள். கண்டவர்களிடம் இருந்தும் அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. அவருக்கு ஏற்கெனவே அறிமுகமான ஒருவரை மும்பையில் கைது செய்தார்கள். மார்ச்சிலேயே குற்றப்பத்திரிகை போய்விட்டது. "நான் எழுதவில்லை, அந்தப் பெண்ணின் முன்னாள் கணவரோ, ஏன், அவரேகூட எழுதியிருக்கலாம், இந்தப் பிரதிகள் 65பி-படி செல்லாது" என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

அரசுத் தரப்பில் இரண்டு வகைச் சாட்சிகள் இருந்தார்கள். ஒருவர் நாவி என்று அறியப்படும் சைபர் சட்ட வல்லுநர் நா. விஜயசங்கர். இணையத்தில் தாம் பார்த்த பக்கத்தை அச்சிட்டு, 65பி சான்றிதழோடு கொடுத்தவர். மற்றவர்கள் பிரவுசிங் சென்டர் நடத்தியவர்கள். 2004 நவம்பர் 5 அன்று எழும்பூர் நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்து, அதிகபட்சம் இரண்டு ஆண்டு கடுங்காவல் விதித்தது. புகாருக்கும் தீர்ப்புக்கும் நடுவே ஓர் ஆண்டுகூட இல்லை. இந்த வழக்கை நான் மதிப்பதற்குக் காரணம் அந்த வேகம் மட்டுமில்லை. யாஹூவின் சர்வர் வேறொரு நாட்டில் இருந்தது; அதைப் பறிமுதல் செய்ய முடியாது. முடியாததை நினைத்து உட்கார்ந்துவிடாமல், திரையில் தெரிந்ததைப் பொறுப்போடு ஆவணமாக்கி, பிரவுசிங் சென்டர்காரரின் சாதாரணச் சாட்சியத்தோடு கோத்தார்கள். வல்லுநரின் சான்றும் கடைக்காரரின் வாய்மொழியும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

பிறகு வந்த பத்தாண்டுகளில் நாடு முழுக்கக் குறுந்தகடுகள் நீதிமன்றங்களில் குவிந்தன; சான்றிதழைப் பற்றிக் கறாராக யாரும் கேட்கவில்லை. 2014 செப்டம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. கேரளத்து ஏறநாடு தொகுதித் தேர்தல் வழக்கு அது. அன்வர் எதிர் பஷீர் என்று சட்ட மாணவர்கள் படிப்பார்கள். தேர்தலில் ஒலிபரப்பிய பாட்டுகளையும் பேச்சுகளையும் குறுந்தகட்டில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள், சான்றிதழ் கிடையாது. மூலக் கருவியையே கொண்டுவந்திருந்தால் பரவாயில்லை, நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று சொல்லிக் குறுந்தகடுகளை ஒதுக்கிவிட்டார்கள். திருச்செங்கோட்டுச் சம்பவம் நடந்தது இதற்கு ஒன்பது மாதம் கழித்து. விதி கடுமையாகி, காவல் நிலையங்கள் அதைக் கற்றுக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தக் கோயில் கேமராப் பதிவு வழக்குக்குள் வந்தது.

சான்றிதழ் கொடுக்க வேண்டிய அதிகாரி மறுத்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு மகாராஷ்டிரத்து ஜால்னாத் தேர்தல் வழக்கில் விடை கிடைத்தது. வேட்புமனு மாலை 3 மணிக்கு முன்பு கொடுக்கப்பட்டதா, பிறகா என்பதுதான் தகராறு. தேர்தல் அதிகாரியின் அலுவலகக் கேமராவில் எல்லாம் இருந்தது. பலமுறை கேட்டும் அதிகாரிகள் சான்றிதழ் தரவில்லை. 2020 ஜூலை 14 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, சான்றிதழ் கட்டாயம்தான், ஆனால் கேட்டும் கிடைக்காதவர் நீதிமன்றத்தின் மூலம் அதை வரவழைத்துக்கொள்ளலாம் என்றது. அந்த அமர்வில் இருந்த வி. ராமசுப்பிரமணியன், மற்ற நாடுகள் இந்தச் சிக்கலை எப்படிக் கையாள்கின்றன என்று தனியாக எழுதிய தீர்ப்பு, மாணவர்கள் பாடப்புத்தகமாகவே வைத்துப் படிக்கத் தக்கது.

சட்டத்தின் கதை இப்படி. இனி மேசைமேல் நடக்கும் வேலைக்கு வருவோம். பறிமுதல் செய்த ஹார்டு டிஸ்க்கை நேரடியாகக் கணினியில் செருகித் திறப்பதே முதல் தவறு. விண்டோஸ் அதை இணைத்தவுடன் யாரும் கேட்காமலே சில கோப்புகளில் எழுதிவிடும். அதனால் ரைட் பிளாக்கர் என்ற கருவியை நடுவில் வைக்கிறார்கள். படிக்க விடும், எழுத விடாது. அதன் வழியாக வட்டு முழுவதையும், அழிக்கப்பட்ட இடங்கள் உட்பட, பிட்டுக்குப் பிட்டு நகலெடுக்கிறார்கள். அதை இமேஜ் என்பார்கள். ஆராய்ச்சியெல்லாம் அந்த நகலில்தான் நடக்கும்.

நகல் மூலத்துக்குச் சமம் என்று காட்டுவதற்கு ஹாஷ் மதிப்பு. வட்டில் உள்ள அத்தனையையும் ஒரு கணிதச் சூத்திரத்தில் போட்டால் ஒரு நீண்ட எண் வரும். எஸ்.எச்.ஏ.-256 முறையில் அது 64 எழுத்துகளில் எழுதப்படும். உள்ளே ஒரே ஒரு பிட் மாறினாலும் வேறொரு எண் வந்து நிற்கும். 1849-இன் அரக்கு முத்திரை செய்த வேலையை இப்போது இந்த எண் செய்கிறது. இந்த முறைகளிலும் பலவீனமானவை உண்டு. ரொனால்ட் ரிவெஸ்ட் 1991-இல் வடிவமைத்த எம்.டி.5 முறையில், வேறு வேறு இரண்டு கோப்புகளுக்கு ஒரே எண் வரும்படி செய்ய முடியும் என்று 2004-இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். எஸ்.எச்.ஏ.-1 2017-இல் அதேபோல் உடைந்தது. குறுக்கு விசாரணையில் ஒரு வழக்கறிஞர் இதைக் கேட்டால் பதில் தெரிந்திருக்க வேண்டும். சொல்லத் தெரியாத நிபுணரால் நல்ல வழக்கும் கெடும்.

நம் பக்கத்து வழக்குகளில் பெரும்பாலும் வருவது கேமராப் பதிவைச் சேமிக்கும் டி.வி.ஆர். பெட்டிதான். சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில், ஐந்து ரோட்டில், நாமக்கல் லாரிப் பட்டறைகளில், சங்ககிரி பெட்ரோல் பங்கில், கோழிப்பண்ணை வாசலில் எங்கும் கேமரா. கருவி எளிதாகத் தெரியும், சிக்கல்களோ ஏராளம். வட்டு நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். போலீஸ் தாமதமாகப் போனால் தேடும் நாள் அதில் இருக்காது. பெட்டியின் கடிகாரம் பல நேரம் சரியான நேரத்தைக் காட்டாது; மின்சாரம் போய் வந்ததில் தேதியே மாறியிருக்கும். பறிமுதல் செய்யும்போதே கைப்பேசி நேரத்தையும் பெட்டி நேரத்தையும் பக்கத்தில் வைத்து மகஜரில் குறிக்காவிட்டால், பிறகு அந்த வித்தியாசத்தை நிரூபிப்பது பெரும்பாடு. பாஸ்வேர்டு கடைக்காரருக்கே தெரியாது, கேமரா மாட்டினவரிடம்தான் இருக்கும். அப்போது சான்றிதழில் கையெழுத்திட வேண்டிய பொறுப்பானவர் யார்? இதையெல்லாம் எந்த மென்பொருளும் சொல்லித் தராது.

நேரத்தில் இன்னொரு பள்ளமும் உண்டு. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். வட்டு நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமிக்கும். பெண் டிரைவுகளில் இருக்கும் ஃபேட் அமைப்பு உள்ளூர் நேரத்திலேயே சேமிக்கும். ஐந்தரை மணி நேர வித்தியாசத்தைக் கவனிக்காத மாணவர் அறிக்கை எழுதினால், இரவு 11 மணிக்கு நடந்தது மாலை 5.30 என்று விழும். அதை வைத்து ஒருவர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று கணக்குப் போட்டால், நிரபராதி உள்ளே போவார் அல்லது குற்றவாளி வெளியே வருவார். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை ஆதாரமாகத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அது அனுப்பும்போதே சுருக்கப்பட்டு, எடுத்த கருவி, இடம் முதலிய விவரங்களைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. எடுத்தவரின் கைப்பேசிதான் மூலம். அதைத் தேடிப் போக வேண்டும்.

கோகுல்ராஜ் வழக்கின் மேல்முறையீட்டில் நீதிபதிகள் செய்தது இங்கே நினைவுக்கு வருகிறது. 2022 நவம்பரில் அந்தத் தோழியை வரவழைத்து, நீதிமன்றத்திலேயே பதிவைப் போட்டுக் காட்டிக் கேட்டார்கள். அப்போதும் அவர் மறுத்தார். 2023 ஜனவரியில் நீதிபதிகள் இருவரும் நேராகத் திருச்செங்கோட்டுக்கே வந்து கோயிலையும், உடல் கிடந்த தண்டவாளத்தையும் பார்வையிட்டார்கள். திரையில் பார்த்ததை இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்துக்குத் தோன்றியிருக்கிறது. சைபர் தடயவியலை ஏ.சி. அறையில் உட்கார்ந்து செய்யும் வேலை என்று நினைக்கிற மாணவர்கள் இந்தத் தீர்ப்பை ஒரு தடவை முழுதாகப் படிக்க வேண்டும்.

படிப்புக்கு இடங்கள் இருக்கின்றன. குஜராத்தில் மாநிலப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி 2020-இல் தேசிய நிறுவனமான தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் காந்திநகரில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் சைபர் தடயவியலில் எம்.எஸ்சி. நடத்துகிறது. திருவனந்தபுரத்து சி-டாக் நிறுவனம் இந்திய விசாரணை அமைப்புகளுக்கென்றே மென்பொருள் தயாரித்திருக்கிறது. ஆட்டாப்சி போன்ற இலவசக் கருவிகளை நாமக்கல்லில் ஒரு பழைய மடிக்கணினியிலேயே ஓட்டிப் பழகலாம். கருவி கிடைப்பதில் இன்று பெரிய தடையில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நம் கல்லூரிகள் பலவற்றில் சைபர் பாதுகாப்பு என்ற பெயரில் ஹேக்கிங் கற்றுத்தருவதாக விளம்பரம் செய்கிறார்கள். மாணவர்களுக்கும் அதுவே கவர்ச்சி. உடைக்கக் கற்றுக்கொள்வது ஒரு திறமை, மறுக்கவில்லை. உடைந்ததைப் பார்த்து, பார்த்ததை எழுதி, எழுதியதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முன்னால் காப்பாற்றுவதுதான் தடயவியல். எம்.எஸ்சி. பாடத்திட்டத்தில் சட்டம் ஒரே ஒரு தாளாக ஒதுங்கிக் கிடந்தால், வெளியே வருகிறவர் மென்பொருளை இயக்கத் தெரிந்தவராக மட்டும் இருப்பார்.

இப்போது இது அவசரமாகியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டம் போய், பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்துவிட்டது. 65பி இருந்த இடத்தில் 63-ஆம் பிரிவு. அதன் சான்றிதழ் இரண்டு பகுதி: முதல் பகுதியில் கருவிக்குப் பொறுப்பானவர், இரண்டாவது பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். ஹாஷ் மதிப்பையும், எந்த முறையில் அதைக் கணக்கிட்டார்கள் என்பதையும் அந்தப் படிவத்திலேயே எழுத வேண்டும். அதே நாளில் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், போலீஸ் செய்யும் சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போவதை மாநிலங்கள் ஐந்தாண்டுக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறது. எடப்பாடியிலும் ராசிபுரத்திலும் பரமத்திவேலூரிலும் நடக்கும் சாதாரண வழக்கில்கூட இனி டிஜிட்டல் சான்று வரும் என்பது இதன் பொருள். அத்தனைக்கும் கையெழுத்திட நிபுணர்கள் எங்கே?

சேலத்தில் வட்டாரத் தடயவியல் ஆய்வகம் இருக்கிறது. 2019-இல் சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசுச் சட்டக் கல்லூரிகள் திறந்தாகிவிட்டன. கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகமும் அரசுப் பொறியியல் கல்லூரியும் அருகருகே இருக்கின்றன. கணினி மாணவர் ஒரு டி.வி.ஆர். பெட்டியை இமேஜ் எடுத்து 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் எழுதட்டும். சட்டக் கல்லூரி மாணவர் அவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யட்டும். இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டாம், ஒரு வகுப்பறையும் இரண்டு துறைத் தலைவர்களின் சம்மதமும் போதும். கல்லூரி முதல்வர்கள் அடுத்த கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டும். இந்தப் படிப்பில் சேர நினைக்கும் மாணவர்கள், விண்ணப்பம் போடும் முன் அந்தத் துறையிடம் கேளுங்கள்: இரண்டு ஆண்டுகளில் எங்களை எத்தனை முறை கூண்டில் ஏற்றுவீர்கள்?